காவாசாகி நோய்: சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். எண்களை எந்த நாளில் எப்படிப் படிப்பது? முழுமையான வழிகாட்டி

குழந்தைகளின் ரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்கும் காவாசாகி நோயை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டோமிசாகு காவாசாகி 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது இருந்த நிலைதான் இன்றும். காய்ச்சல், கண், உதடு, தோல், கை கால், கழுத்துக் கட்டி இவற்றைப் பார்த்துத்தான் நோயைச் சொல்கிறோம். ரத்தம் வேறு மூன்று கேள்விகளுக்கு உதவுகிறது. அறிகுறிகள் முழுதாக இல்லாதபோது இது காவாசாகிதானா? முதல் மருந்துக்கு அடங்காமல் போகக்கூடிய குழந்தை எது? மருந்து கொடுத்த பிறகு அழற்சி உண்மையிலேயே தணிந்ததா?

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே பரிசோதனை இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை. ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்) முதல் கேள்விக்கு நன்றாக உதவும், மூன்றாவதில் ஆளை ஏமாற்றிவிடும். தட்டணுக்கள் முதல் வாரத்தில் குறைந்தால் கவலைப்பட வேண்டும், மூன்றாம் வாரத்தில் எகிறினால் அது இந்த நோயின் இயல்பு. ஆகவே எந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தாலும் அதன் ஓரத்தில் இரண்டு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள், இந்த நோய்க்கு முதலில் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தை ஏற்றி முடித்து எத்தனை மணி நேரம். இவை இல்லாத சி.ஆர்.பி. (அழற்சியில் ஏறும் ரத்தப் புரதம்) எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

அவசரம் ஏன் என்றால், சிகிச்சை இல்லாமல் விட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத்தின் கரோனரி தமனிகள் புடைத்துவிடுகின்றன. முதல் 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் அது சுமார் 4 சதவீதமாகக் குறைகிறது.

படி 1: நாளைச் சரியாக எண்ணுங்கள்

காய்ச்சல் கண்ட முதல் தேதிதான் நாள் 1. மருத்துவமனையில் சேர்த்த நாளோ, முதன்முதலில் மருத்துவரிடம் காட்டிய நாளோ அல்ல. இரவு 11 மணிக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தாலும் அந்தத் தேதியே முதல் நாள். அற்பமாகத் தெரியும் இந்தக் கணக்கு பிந்தினால் பின்வரும் அளவுகோல்கள் எல்லாம் இடம் மாறிப்போகும்: தட்டணுவை 7ஆம் நாளுக்குப் பிறகுதான் கணக்கில் எடுக்க வேண்டும், ஆபத்து மதிப்பெண்ணில் 4ஆம் நாள் ஓர் எல்லை, மருந்துக்கு 10ஆம் நாள் ஓர் எல்லை.

படி 2: மருந்து ஏறும் முன் ரத்தம் எடுத்துவிடுங்கள்

இம்யூனோகுளோபுலின் ஏறிய பிறகு சில பரிசோதனைகள் பல மாதங்களுக்குப் பயனற்றுப்போகும். பல்லாயிரம் கொடையாளர்களின் ஆன்டிபாடிகள் சேர்ந்த மருந்து அது. அதன் பிறகு தட்டம்மைக்கோ வேறு வைரஸுக்கோ ஆன்டிபாடி பார்த்தால் வருவது குழந்தையுடையதா கொடையாளர்களுடையதா என்று பிரிக்க முடியாது. சந்தேகம் உள்ள ஆன்டிபாடி பரிசோதனைகளுக்கான ரத்தத்தை முன்பே எடுத்து வைப்பதே வழி.

முதல் ரத்தத்தில் பார்க்க வேண்டியவை: வெள்ளை அணுக்களின் வகைப்பிரிப்போடு முழு ரத்த எண்ணிக்கை, சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., கல்லீரல் நொதிகளான ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி., பிலிருபின், அல்புமின், சோடியம், ரத்த வகை. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ தட்டணு குறைவாக இருந்தாலோ ஃபெரிட்டின், ஃபைப்ரினோஜன், டிரைகிளிசரைடு மூன்றையும் சேருங்கள். ரத்த வகை எதற்கு என்பது படி 7இல் வரும்.

சிறுநீரில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த நோயில் கிருமி வளராமலேயே சிறுநீரில் வெள்ளை அணுக்கள் தென்படும். அவை பெரும்பாலும் சிறுநீர்த் தாரையிலிருந்து வருகின்றன. குழாய் செருகி நேரே பையிலிருந்து எடுத்தால் அவை தப்பிவிடலாம். இயல்பாகக் கழிக்கும் சிறுநீரைப் பிடித்து அனுப்புங்கள். அதில் வெள்ளை அணுக்களைப் பார்த்ததும் சிறுநீர்த் தொற்று என்று எழுதி ஆன்டிபயாடிக் தொடங்கி, காவாசாகியைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஈ.எஸ்.ஆர். குழாயைக் கவனியுங்கள். நான்கு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது வெஸ்டர்கிரன் முறையின் விகிதம். கைக்குழந்தையிடம் ரத்தம் போதாமல் குழாயைக் குறையாக நிரப்பினால் எண் மாறிவிடும். உறைதல் பரிசோதனைக்கான குழாயில் விகிதம் ஒன்பதுக்கு ஒன்று, அதை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்குள் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும். குழாய் சற்றே சாய்ந்து நின்றாலும் எண் ஏறிவிடும்.

படி 3: அலகைப் பாருங்கள்

சி.ஆர்.பி. விஷயத்தில் மிக ஆபத்தான தவறு இதுதான். வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் மி.கி./டெசிலிட்டரில் பேசுகின்றன, பல லேப்கள் மி.கி./லிட்டரில் ரிப்போர்ட் தருகின்றன. 3 மி.கி./டெசிலிட்டர் என்பதும் 30 மி.கி./லிட்டர் என்பதும் ஒன்றே. அலகைப் பார்க்காமல் "சி.ஆர்.பி. 12" என்று தொலைபேசியில் சொன்னால், கேட்பவர் அதைக் கடும் அழற்சி என்றும் எடுத்துக்கொள்ளலாம், லேசான ஏற்றம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையில் சி.ஆர்.பி. எங்கும் மி.கி./டெசிலிட்டரிலேயே வருகிறது. உங்கள் லேப் லிட்டர் கணக்கில் தந்தால் 10ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடித் தகட்டில் துளி கலந்து பார்க்கும் லேடெக்ஸ் சி.ஆர்.பி. இதற்குப் போதாது. அது "உண்டு, இல்லை" என்று சொல்லும், மிஞ்சினால் இரட்டிப்பு இரட்டிப்பாகத் தோராயமான அளவைத் தரும். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடே நமக்கு முக்கியம் என்பதால் எண்ணாக அளக்கும் முறை வேண்டும். முதலிலிருந்து கடைசிவரை ஒரே லேப்பில் பார்ப்பது நல்லது.

படி 4: ஒவ்வொரு குறிகாட்டியும் எப்படி இயங்குகிறது

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம். அழற்சி அணுக்கள் விடும் இன்டர்லூகின்-6 கல்லீரலை உசுப்புகிறது. சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கி ஓரிரு நாளில் உச்சத்தைத் தொடுகிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். அழற்சி குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் இந்த 19 மணி மாறுவதில்லை. எனவே ரத்தத்தில் தெரியும் அளவைத் தீர்மானிப்பது கல்லீரல் எவ்வளவு வேகமாக உருவாக்குகிறது என்பது மட்டுமே. சிகிச்சை பலித்ததா என்று பார்க்க சி.ஆர்.பி.யை நம்புவதற்குக் காரணம் இந்த எளிமைதான்.

ஈ.எஸ்.ஆர். அப்படி நேரடியானது அல்ல. சிவப்பணுக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நாணய அடுக்கு போல ஒட்டிக்கொண்டு எவ்வளவு வேகமாகக் கீழே படிகின்றன என்பதையே அது அளக்கிறது. அழற்சியில் ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் ஏறுவதால் அணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் இம்யூனோகுளோபுலின் புரதங்களும் அதே வேலையைச் செய்யும். கிலோவுக்கு 2 கிராம் வீதம் அதைக் குழந்தையின் ரத்தத்தில் ஏற்றிய பிறகு அழற்சி அடங்கினாலும் ஈ.எஸ்.ஆர். ஏறத்தான் செய்யும். ரத்தசோகையும் அதை உயர்த்தும். அது ஒழுங்காக இறங்க வாரங்கள் ஆகும்.

வெள்ளை அணுக்கள் முதல் வாரத்தில் ஏறும். பாதிக்குப் பாதிக் குழந்தைகளில் 15,000ஐத் தாண்டும், நியூட்ரோபில்கள் மிகுந்திருக்கும். மாறாக, வெள்ளை அணுக்கள் குறைந்து லிம்போசைட்டுகள் ஓங்கியிருந்தால் வைரஸ் காய்ச்சலைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

தட்டணுக்களைப் பற்றித்தான் தவறான எண்ணம் மிகப் பரவலாக இருக்கிறது. "தட்டணு ஏறவில்லை, அதனால் காவாசாகி இல்லை" என்று 5ஆம் நாளில் சொல்வது சரியல்ல. அவை ஏறுவது இரண்டாம் வாரத்தில், உச்சம் மூன்றாம் வாரத்தில். 10 லட்சத்தைக் கடப்பதும் உண்டு. நோய் தொடங்கிய 4 முதல் 6 வாரங்களில் தாமாகவே இறங்கிவிடும். முதல் வாரத்திலேயே தட்டணு குறைவாக இருந்தால் அது நல்ல செய்தி அல்ல, தமனி பாதிப்புக்கான ஆபத்து கூடியதன் அடையாளம். 7ஆம் நாள் கடந்த பிறகும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., தட்டணு மூன்றும் இயல்பாகவே இருந்தால் காவாசாகி நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு.

அல்புமின் குறைவதும் சோடியம் குறைவதும் ரத்தக் குழாய்ச் சுவர்கள் கசிகின்றன என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. கல்லீரல் நொதிகள் ஏறுவது சாதாரணம். காமாலை என்று பயப்பட வேண்டியதில்லை, ஆனால் ஆபத்துக் கணக்கில் இவற்றுக்கு இடமுண்டு.

புரோகால்சிடோனின் என்ற ரத்தக் குறிகாட்டியை வைத்து பாக்டீரியாத் தொற்றையும் காவாசாகியையும் பிரித்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். காவாசாகியிலும் அது ஏறக்கூடும் என்பதால், தனியாக அதை வைத்து மருந்தைத் தள்ளிப்போடுவது சரியல்ல. இதயத் தசை அழுத்தத்தைக் காட்டும் என்.டி. புரோ பி.என்.பி. உதவும், ஆனால் வயதுக்கு வயது அதன் இயல்பளவு மாறுகிறது. பெரியவர்களின் எல்லையைக் கைக்குழந்தைக்குப் பொருத்தாதீர்கள்.

படி 5: அறிகுறிகள் முழுதாக இல்லாத குழந்தை

முழு நோய்க்கான வரையறை எளிது. 5 நாள் காய்ச்சலோடு ஐந்தில் நான்கு அடையாளங்கள் இருக்க வேண்டும்: சீழ் இல்லாமல் இரு கண்களும் சிவத்தல், உதடு சிவந்து வெடித்தல் அல்லது நாக்கு ஸ்ட்ராபெரி போலாதல், தோல் தடிப்பு, கை கால் சிவந்து வீங்குதல், கழுத்தில் 1.5 செ.மீ.க்குக் குறையாத நெறிக்கட்டி. இவை இருந்தால் ரத்த ரிப்போர்ட்டுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டியதில்லை.

சிக்கல் இரண்டு மூன்று அடையாளங்கள் மட்டும் உள்ள குழந்தையிடம். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் இதற்கு ஒரு பாதை வகுத்திருக்கிறது. 5 நாள் காய்ச்சலும் இரண்டு அல்லது மூன்று அடையாளங்களும் இருந்தால், அல்லது கைக்குழந்தைக்கு வேறு காரணம் தெரியாமல் 7 நாள் காய்ச்சல் நீடித்தால், சி.ஆர்.பி.யும் ஈ.எஸ்.ஆரும் பாருங்கள்.

சி.ஆர்.பி. 3க்கும் கீழே, ஈ.எஸ்.ஆர். 40க்கும் கீழே என்றால் உடனே மருந்து வேண்டாம். காய்ச்சல் தொடர்ந்தால் குழந்தையை மறுபடி மறுபடி பார்த்து ரத்தத்தையும் திரும்ப எடுக்க வேண்டும். பின்னர் விரல் நுனித் தோல் உரியத் தொடங்கினால் எக்கோ (ஒலியலையால் எடுக்கும் இதயப் படம்) எடுக்க வேண்டும்.

இரண்டில் ஒன்றாவது அந்த எல்லையை எட்டினால், அடுத்து இந்த ஆறில் எத்தனை பொருந்துகின்றன என்று பாருங்கள்:

- வயதுக்கு ஏற்ற ஹீமோகுளோபின் இல்லை
- 7ஆம் நாளுக்குப் பிறகு தட்டணு 4.5 லட்சம் அல்லது அதற்கு மேல்
- அல்புமின் 3 கிராம்/டெசிலிட்டர் அல்லது அதற்குக் கீழ்
- ஏ.எல்.டி. உயர்வு
- வெள்ளை அணுக்கள் 15,000 அல்லது அதற்கு மேல்
- சிறுநீரில் நுண்ணோக்கிப் புலம் ஒன்றுக்கு 10 வெள்ளை அணுக்கள் அல்லது அதற்கு மேல்

மூன்று பொருந்தினால், அல்லது எக்கோவில் தமனிகள் பாதித்திருந்தால், சிகிச்சை தொடங்கலாம். எக்கோவில் பார்ப்பது இசட் ஸ்கோரை. குழந்தையின் உடல் பரப்புக்கு எதிர்பார்க்கும் தமனி அகலத்திலிருந்து இந்தக் குழந்தையுடையது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அது. முக்கியத் தமனிகளில் 2.5ஐத் தொட்டால் பாதிப்பு என்று கொள்கிறார்கள். 10ஐத் தொட்டாலோ அகலம் 8 மி.மீ. ஆனாலோ ராட்சதப் புடைப்பு.

6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களிடம் நீண்ட காய்ச்சல் ஒன்றுதான் ஒரே அடையாளமாகவும் இருக்கலாம். தமனி பாதிப்போ அவர்களுக்கே அதிகம்.

படி 6: அடங்காத நோயை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

ஓரளவு முடியும். 10 முதல் 20 சதவீதக் குழந்தைகளுக்கு முதல் இம்யூனோகுளோபுலினுக்குப் பிறகும் காய்ச்சல் நீடிக்கிறது அல்லது திரும்புகிறது. ஜப்பானில் பரவலாகப் பயன்படும் கோபயாஷி மதிப்பெண் இப்படிப் போகிறது.

தலா 2 புள்ளி: சோடியம் 133 அல்லது அதற்குக் கீழ்; ஏ.எஸ்.டி. 100 அல்லது அதற்கு மேல்; சிகிச்சை தொடங்கியது 4ஆம் நாளிலோ அதற்கு முன்போ; நியூட்ரோபில் 80 சதவீதம் அல்லது அதற்கு மேல்.

தலா 1 புள்ளி: சி.ஆர்.பி. 10 அல்லது அதற்கு மேல். தட்டணு 3 லட்சம் அல்லது அதற்குக் கீழ். வயது 12 மாதம் அல்லது அதற்குக் கீழ்.

மொத்தம் 11. உருவாக்கியவர்கள் 4ஐ எல்லையாக வைத்தார்கள். ஓர் உதாரணம்: 10 மாதக் குழந்தை, 4ஆம் நாள், சோடியம் 131, ஏ.எஸ்.டி. 60, நியூட்ரோபில் 82, சி.ஆர்.பி. 9, தட்டணு 2.8 லட்சம். 2 + 2 + 2 + 1 + 1 = 8. இங்கே சி.ஆர்.பி.க்குப் புள்ளியே கிடைக்கவில்லை, ஆனாலும் ஆபத்து அதிகம். சி.ஆர்.பி. மட்டும் பார்த்து "ரொம்ப ஏறவில்லை" என்று நிம்மதியடைவது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே சாட்சி.

ஜப்பானில் இந்த மதிப்பெண் நன்றாக வேலை செய்தது. 2012இல் வெளிவந்த ரெய்ஸ் ஆய்வில், 5 அல்லது அதற்கு மேல் பெற்ற குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே இம்யூனோகுளோபுலினோடு பிரெட்னிசோலோனும் சேர்த்தபோது தமனி பாதிப்பு 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் வட அமெரிக்கக் குழந்தைகளிடம் இதே மதிப்பெண்ணைச் சோதித்தபோது, அடங்காத நோயில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடித்தது. எனவே அதிக மதிப்பெண் வந்தால் எச்சரிக்கை, குறைந்த மதிப்பெண் வந்தால் உத்தரவாதம் அல்ல. முதல் எக்கோவிலேயே இசட் 2.5ஐத் தொட்ட குழந்தையையும் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தையையும் மதிப்பெண் பாராமலே அதிக ஆபத்துள்ளவர்களாகக் கருதுவது நல்லது.

படி 7: மருந்து ஏறுகிறது, மணி ஓடத் தொடங்குகிறது

இம்யூனோகுளோபுலின் அளவு கிலோவுக்கு 2 கிராம், ஒரே தடவையில் 10 முதல் 12 மணி நேரத்தில். 10 கிலோ குழந்தைக்கு 20 கிராம். 10 சதவீதக் கரைசல் என்றால் 200 மி.லி., 5 சதவீதம் என்றால் 400 மி.லி. இதயம் சரியாகச் சுருங்காத குழந்தைக்கு இந்த நீரளவே பெரிய சுமை, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆஸ்பிரினை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 30 முதல் 50 மி.கி. வீதமோ 80 முதல் 100 மி.கி. வீதமோ நான்காகப் பிரித்துத் தருவார்கள். இரண்டு வழக்கமும் உண்டு. காய்ச்சல் விட்டு 48 முதல் 72 மணி நேரம் ஆனதும் 3 முதல் 5 மி.கி.க்குக் குறைப்பார்கள்.

மருந்து முடிந்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். தொடங்கிய நேரத்தை எழுதிவிட்டு அதிலிருந்து எண்ணுவது வழக்கமான பிழை. அமெரிக்க வரையறைப்படி மருந்து முடிந்து 36 மணி நேரம் கழித்தும், 7 நாட்களுக்குள், காய்ச்சல் இருந்தால் அல்லது திரும்பினால் அடங்காத நோய். 36 மணிக்கு முன் வரும் காய்ச்சல் மருந்தின் எதிர்வினையாகவும் இருக்கலாம் என்பதால் பொறுத்துப் பார்க்கிறார்கள். ஜப்பானில் 24 மணியிலேயே முடிவெடுப்பது வழக்கம். உங்கள் மருத்துவமனை எதைப் பின்பற்றினாலும் ஒன்றையே பின்பற்ற வேண்டும்.

இந்த நேரத்தில் மணிக்கணக்கு வைத்துப் பாராசிட்டமால் கொடுத்தால் முக்கியமான அடையாளமே மறைந்துவிடும். வெப்பநிலையை ஒரே முறையில், ஒரே இடத்தில் அளவிடுங்கள். 38 டிகிரி செல்சியஸ் எல்லை. அக்குளில் ஒருவேளை, காதில் ஒருவேளை என்று மாற்றினால் அளவுகளை ஒப்பிட முடியாது. ஐபுபுரோஃபென் வேண்டாம், தட்டணுக்களின் மேல் ஆஸ்பிரின் செய்யும் வேலையை அது கெடுக்கும்.

ஹீமோகுளோபின் சற்று இறங்கும், கொஞ்சம் நீர்க் கலப்பினால். ஆனால் மருந்தில் உள்ள ஏ, பி எதிர் ஆன்டிபாடிகள் ஏ, பி, ஏபி வகைக் குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். ஓ வகையினருக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது டோஸ் பெற்ற ஏ அல்லது பி வகைக் குழந்தை வெளிறினாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றே ஹீமோகுளோபின், பிலிருபின், கூம்ஸ் பரிசோதனை (சிவப்பணுக்களில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்பது) பாருங்கள்.

படி 8: பலித்ததா?

முதல் சாட்சி காய்ச்சல், இரண்டாவது குழந்தையின் முகம். எரிச்சல் தணிந்து, பசி எடுத்து, கண் சிவப்பு குறைந்தால் பாதி பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவதுதான் சி.ஆர்.பி.

மருந்து முடிந்து 36 முதல் 48 மணிக்குள் ஒருமுறை சி.ஆர்.பி. எடுப்பது நடைமுறைக்கு ஏற்றது. அரை ஆயுள் 19 மணி என்பதால், கல்லீரல் சட்டென்று உற்பத்தியை முழுதாக நிறுத்தினால் 16 இருந்தது 19 மணியில் 8 ஆகும், 38 மணியில் 4 ஆகும். அதைவிட வேகமாக இறங்கவே முடியாது. நிஜத்தில் உற்பத்தி படிப்படியாகத்தான் குறைகிறது, எனவே 38 மணியில் 6 அல்லது 7 என்று வந்தால் ஏமாற்றம் வேண்டாம். காய்ச்சலும் இல்லை என்றால் போக்கு சரியாகவே இருக்கிறது. இயல்பளவுக்கு வரவில்லையே என்று இரண்டாவது டோஸ் கொடுப்பது தேவையற்றது. மாறாக 16 இருந்தது 14 என்றோ 18 என்றோ வந்து காய்ச்சலும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

மருத்துவர்களைத் தடுமாற வைப்பது இரண்டு கலவைகள். காய்ச்சல் இல்லை, ஆனால் சி.ஆர்.பி. இறங்கவில்லை: 24 மணி கழித்துத் திரும்ப எடுங்கள், எக்கோவை முன்னதாகவே செய்யுங்கள், ஊசி போட்ட இடத்தில் வீக்கமோ வேறு தொற்றோ இருக்கிறதா பாருங்கள். காய்ச்சல் திரும்பியது, ஆனால் சி.ஆர்.பி. தொடர்ந்து இறங்குகிறது: வார்டில் தொற்றிய சாதாரண வைரஸாகவும் இருக்கலாம். இங்கே மட்டும் சில மணி நேரம் பொறுப்பதில் நியாயமுண்டு, எக்கோ மோசமாகாத வரையில்.

ஈ.எஸ்.ஆரை இந்தக் கட்டத்தில் கேட்கவே வேண்டாம். கேட்டால் 90, 100 என்று வரும். பெற்றோர் பதறுவார்கள், யாராவது ஒருவர் இரண்டாவது டோஸைப் பற்றிப் பேசத் தொடங்குவார். மருந்துக்குப் பிறகு ஏறிய ஈ.எஸ்.ஆர். தனியாக ஒருபோதும் நோய் அடங்கவில்லை என்று பொருள்படாது.

வெள்ளை அணுக்கள் சில நாட்களில் குறையும், நியூட்ரோபில்கள் இயல்புக்கும் கீழே போவதுண்டு. பெரும்பாலும் தற்காலிகமே. மொத்தப் புரதம் ஏறும், காரணம் ஏற்றிய மருந்தேதான்.

படி 9: அடங்கவில்லை என்றால்

மீண்டும் கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு 10 மி.கி. இன்ஃப்ளிக்சிமாப், ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், அனாகின்ரா ஆகியவை கையிலிருக்கும் வழிகள். 2021இல் வெளிவந்த கிட்கேர் ஆய்வில், இரண்டாவது இம்யூனோகுளோபுலின் பெற்றவர்களில் 51 சதவீதத்தினருக்கும் இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களில் 77 சதவீதத்தினருக்கும் காய்ச்சல் அடங்கியது. தமனி முடிவுகளில் வேறுபாடு தெரியவில்லை. எதைத் தேர்ந்தாலும் அந்த மருந்து நம் குறிகாட்டிகளை எப்படித் திரிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு காய்ச்சலைச் சட்டென்று விடச் செய்யும். அதேநேரம் நியூட்ரோபில்களை உயர்த்தும். வெள்ளை அணுக்கள் 22,000 என்று பார்த்துத் தொற்று என்று முடிவுகட்டாதீர்கள். ரெய்ஸ் ஆய்வில் ஸ்டீராய்டைக் குறைத்த முறை சி.ஆர்.பி.யையே கடிகாரமாக வைத்துக்கொண்டது. நாளுக்குக் கிலோவுக்கு 2 மி.கி. பிரெட்னிசோலோன், சி.ஆர்.பி. 0.5 அல்லது அதற்குக் கீழே வந்த பிறகே குறைக்கத் தொடங்கி, 2, 1, 0.5 என்று ஐந்தைந்து நாளாக 15 நாளில் நிறுத்தினார்கள். காய்ச்சல் விட்டதே என்று அவசரமாக நிறுத்தினால் அழற்சி திரும்பும். குறைக்கும்போது சி.ஆர்.பி. மறுபடி ஏறினால் முந்தைய அளவுக்குத் திரும்புவது பற்றி யோசிக்க வேண்டும்.

இன்டர்லூகின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்தால் சி.ஆர்.பி. என்ற அளவுகோலே உடைந்துபோகும். கல்லீரலுக்குச் செய்தி போகாததால் தமனியில் அழற்சி இருந்தாலும் எண் இறங்கும். காவாசாகி நோயில் அதைத் தவிர்ப்பதற்கு இது மட்டும் காரணமல்ல. அதைப் பெற்ற சில குழந்தைகளுக்குத் தமனிப் புடைப்பு உருவானதாகவும் பதிவு உண்டு.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டிய தோற்றம் ஒன்று உண்டு: காய்ச்சல் விடவில்லை, ஆனால் ஈ.எஸ்.ஆர். திடீரென்று இறங்குகிறது, தட்டணுவும் ஹீமோகுளோபினும் சரிகின்றன, ஃபெரிட்டின் ஏறுகிறது, மண்ணீரல் பெருக்கிறது. இது குணமடைவதன் அடையாளம் அல்ல. மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறிய நிலை. ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோவதால்தான் ஈ.எஸ்.ஆர். இறங்குகிறது. அன்றைய தினமே ஃபெரிட்டின், ஃபைப்ரினோஜன், டிரைகிளிசரைடு பார்த்து, வாத நோய் அல்லது ரத்த நோய் நிபுணரைக் கலந்து சிகிச்சையை மாற்ற வேண்டும். இம்யூனோகுளோபுலினுக்குப் பிறகு ஏற வேண்டிய ஈ.எஸ்.ஆர். ஏறாமல் இறங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பிந்தி வந்த குழந்தை

10ஆம் நாள் கடந்து வந்தால் அழற்சிக் குறிகாட்டிகளின் மதிப்பு இன்னும் கூடுகிறது. காய்ச்சல் இன்னும் இருந்தால், அல்லது தமனி பாதிப்போடு சி.ஆர்.பி. 3ஐத் தாண்டியோ ஈ.எஸ்.ஆர். உயர்ந்தோ இருந்தால், அப்போதும் இம்யூனோகுளோபுலின் கொடுக்கலாம். காய்ச்சல் விட்டு, குறிகாட்டிகள் இறங்கி, எக்கோவும் நன்றாக இருந்தால் தேவையில்லை. தோல் உரிவதை மட்டும் பார்த்துக் கொடுக்க வேண்டாம்.

படி 10: வீட்டுக்குப் போன பிறகு

எக்கோ முதலில் ஒன்று, 1 முதல் 2 வாரத்துக்குள் ஒன்று, 4 முதல் 6 வாரத்தில் ஒன்று. தமனி பாதித்திருந்தால் இன்னும் அடிக்கடி. சி.ஆர்.பி.யை இயல்பாகும் வரை தொடருங்கள், அதன் பிறகு திரும்பத் திரும்பக் குத்த வேண்டாம். தட்டணுவை 2 முதல் 3 வாரத்தில் ஒருமுறையும் 6 முதல் 8 வாரத்தில் ஒருமுறையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். மூன்றாம் வாரத்தில் 9 லட்சம் என்று வந்தால் அந்தச் சிறு அளவு ஆஸ்பிரினைத் தவறாமல் கொடுப்பதே செய்ய வேண்டியது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை மூன்று. ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மையோ இன்ஃப்ளுயன்சாவோ வந்தால், அல்லது அவை வந்தவரோடு பழகினால், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி அபூர்வம், ஆனால் கொடியது. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை இம்யூனோகுளோபுலினுக்குப் பிறகு 11 மாதம் தள்ளிப்போட வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றிய ஆன்டிபாடிகள் தடுப்பூசியை முறியடித்துவிடும். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் தினமும் வெப்பநிலை பாருங்கள். 38ஐத் தொட்டால் காலைவரை காத்திருக்காமல் அழைத்துப் பேசுங்கள்.

ஆஸ்பிரினை நிறுத்துவதைத் தீர்மானிப்பது 4 முதல் 6 வாரத்தில் எடுக்கும் எக்கோ. தமனிகள் இயல்பாக இருந்தால், ஈ.எஸ்.ஆர். அப்போதும் 25 அல்லது 30 என்று சற்றே உயர்ந்திருப்பதற்காக மட்டும் நீட்டிக்க வேண்டியதில்லை. தமனிகள் புடைத்திருந்தால் சி.ஆர்.பி. 0.1 என்று வந்தாலும் ஆஸ்பிரின் தொடரும், ராட்சதப் புடைப்பு என்றால் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தும் சேரும்.